மணலில் நான் அடித்த காற்று

1

போன கிழமை தபாலில் ஒரு நாட்காட்டி வந்தது. கடையில் வாங்கியது அல்ல. பன்னிரண்டு படங்களைத் தெரிந்தெடுத்து, அச்சகத்துக்கு அனுப்பிச் செய்வித்தது. அனுப்பியவர் ஹைட்றூன், என் மகள் தாரணியின் மாமியார். போன மாசி மாதம் நாங்கள் மூன்று பேரும் மொரோக்கோவின் பாலைவனத் தடத்தில் வண்டி ஓடிப் போய்வந்த படங்கள்.

என் மனைவி பத்மா அதைக் குசினிச் சுவரில் கொழுவிவிட்டு ஒவ்வொரு தாளாகப் புரட்டினாள்.

"இஞ்சருங்கோ, இதில நீங்கள் எங்க?"

"நாலாம் மாசத்தைப் பார்."

"இதில தாரணியும் அவவும்தானே சிரிச்சுக்கொண்டு நிக்கினம்."

"கீழ மணலில ஒரு நிழல் கிடக்குதெல்லே, அது நான்."

பத்மா சிரித்த சிரிப்பில் கையிலிருந்த தேத்தண்ணி சிந்தியது. "படம் எடுக்கிறவன் படத்தில வருவானோ? அறுபது வயசாகப்போகுது, வயித்தெரிச்சலைப் பார்."

ஊரிலிருந்து ரெலிபோன் எடுக்கிறவர்கள் எல்லோரும், "பாலைவனம் போனியாம், ஒட்டகத்தில ஏறினியோ?" என்றுதான் கேட்கிறார்கள். நானும் ஏறாத ஒட்டகத்தில் பத்து மாதமாக ஏறி இறங்கிக்கொண்டிருக்கிறேன். பொய்யும் ஒரு அளவுக்குத்தான் இனிக்கும். நடந்ததை எழுதிவிடுகிறேன். பாலைவனக் கதை என்று வாசிக்க வருகிறவர்களுக்கு முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்: இதில் மணல் கொஞ்சம், பொறாமை அதிகம்.

2

டார்ம்ஸ்டாட்டில் ஒரு ரயர் வேலைத்தலத்தில் இருபத்தாறு வருடமாக வேலை செய்கிறேன். ஜேர்மன்காரர் "ஓவிலிருந்து ஓ வரை" என்பார்கள். ஒக்டோபரிலிருந்து ஓஸ்ரன், அதாவது உயிர்த்த ஞாயிறு வரை, காருக்குப் பனிக்கால ரயர். அந்த இரண்டு ஓவிலும் எங்களுக்கு முதுகு நிமிர்த்த நேரம் இராது. இத்தனை வருடத்தில் கைக்கு ஒரு வியாதி பிடித்துவிட்டது. காற்றுக் குறைந்த ரயரைக் கண்டால் துருதுருக்கும். கோயில் வாசலில் நிற்கிற காராக இருந்தாலும் காலால் ஒருமுறை தட்டிப் பார்த்துவிட்டுத்தான் சாமி கும்பிடப் போவேன்.

ஹைட்றூனுக்கு அறுபத்தெட்டு வயது. நில அளவைக் கந்தோரில் வேலை செய்து ஓய்வுபெற்றவர். கணவனோடு முப்பது வருடம் பாலைவனம் பாலைவனமாகத் திரிந்திருக்கிறார். கணவன் போய்விட்டார், வண்டி போகவில்லை. நான்கு சில்லும் சேர்ந்து இழுக்கிற அந்தப் பெட்டி வண்டிக்கு என் மகளைவிட வயது கூட. தாரணி அவருடைய மகன் யோனாஸைக் கலியாணம் முடித்து மூன்று வருடம். அந்த மூன்று வருடத்திலும் மணலில் வண்டி ஓடுகிற வித்தை முழுவதையும் மாமியாரிடம் பழகிவிட்டாள்.

இந்த நாட்டில் தகப்பன் பிள்ளைக்குத் தெருவில் கார் பழக்கச் சட்டம் விடாது. பள்ளிக்கூடம் வைத்திருக்கிறார்கள், அங்கேதான் போக வேண்டும். என்னையே, ஊரில் ஓடிய லைசென்ஸ் செல்லாது என்று திரும்பச் சோதனைக்கு இருத்தினார்கள். முதல் தரம் கோட்டை விட்டேன். ஒரு வளைவில் ஹோர்ன் அடித்துவிட்டேன், அதுதான் குற்றம். எங்கள் ஊரில் வளைவில் ஹோர்ன் அடிக்காதவன் கொலைகாரன். சோதனை செய்த மனிதர் எட்டிப் பார்த்துவிட்டு, "யாருக்கு வணக்கம் சொன்னீர்கள்?" என்று கேட்டார்.

ஆக, தாரணிக்குக் கார் பழக்கிய பெருமையும் எனக்கில்லை. சரி, அது சட்டம். ஆனால் முந்தின வருடம் அவளுடைய காரில் பின்பக்கச் சில்லில் ஒரு சத்தம் வந்திருக்கிறது. சில்லில்! அவள் ஹைட்றூனுக்கு ரெலிபோன் எடுத்து, ரெலிபோனைச் சில்லுக்குக் கிட்டப் பிடித்துக் கேட்டிருக்கிறாள். யோனாஸின் பிறந்தநாளில் கேக் வெட்டுகிற மேசையில்தான் எனக்கு இந்தச் சங்கதி தெரியவந்தது. "பெயாரிங் எண்டு கேட்ட உடனயே சொல்லிட்டா அப்பா!" என்று சந்தோஷமாகச் சொன்னாள். ஹைட்றூன் பிழையாகச் சொல்லியிருந்தாலாவது என் மனம் ஆறியிருக்கும். சரியாகச் சொல்லியிருந்தார்.

வேலைத்தலத்தில் என்னோடு நிற்கிற துருக்கிக்காரனிடம் இதைச் சொல்லி அழாக்குறையாக நின்றேன். அவன் அவர்களுடைய பழமொழி ஒன்றைச் சொன்னான்: பக்கத்து வீட்டுக் கோழி, பார்க்கிறவன் கண்ணுக்கு வாத்தாகத் தெரியுமாம். "அது வாத்துத்தானடா," என்றேன். "பெரிய வாத்து. கியர் போடுற வாத்து."

3

பயணத்துக்கு என்னை அழைத்ததே யோனாஸுக்கு லீவு கிடைக்காமல் போனதால்தான். அவன் வேலை செய்கிற வால்டோர்ஃப் கம்பனியில் கடைசி நேரத்தில் மறித்துவிட்டார்கள். அவனுடைய பிக்-அப்பில் தாரணிக்குப் பக்கத்தில் ஒரு இருக்கை வெறுமையாகிவிட்டது.

"அப்பா, நீங்கள் வாறீங்களோ?"

பந்தியில் இலை மிஞ்சினால் வாசலில் நிற்கிறவனையும் கூப்பிட்டு இருத்துவார்கள் என்று எனக்குத் தெரியும். இருந்தாலும், "லீவைப் பாத்துத்தான் சொல்லலாம் பிள்ளை," என்று ஒரு கெத்து விட்டேன். உண்மையில் மாசி மாதம் எங்கள் வேலைத்தலத்தில் ஈ ஓட்டுகிற காலம். முதலாளியிடம் அன்று பின்னேரமே கேட்டுவிட்டேன்.

பிறகு காகிதம் தொடங்கியது. இந்த நாட்டில் மனிதர் பயணம் போவதில்லை. காகிதம் போகும், பின்னால் மனிதர் போவார். வண்டி யோனாஸின் பெயரில். வேறு ஆள் ஓட்டினால் மொரோக்கோ சுங்கத்துக்கு முத்திரை குத்திய அனுமதிக் கடிதம் வேண்டும். காப்புறுதியில் ஓட்டுகிறவர்களின் பெயர் இருக்க வேண்டும். இரண்டிலும் தாரணியின் பெயர் இருந்தது.

"என்ர பேரையும் ஒருக்கால் போட்டுவிட்டாலென்ன? வழியில உனக்குக் களைச்சாலும்..."

"அப்பா, அதுக்கு இன்னொரு அன்ட்ராக் நிரப்பி, இன்னொரு ரெர்மின் எடுத்து, நாள் காணாது. நீங்கள் ஆறுதலா இருந்து பாத்துக்கொண்டு வாங்கோவன்."

விண்ணப்பத்தையும் தவணையையும் அவள் ஒருநாளும் தமிழில் சொன்னதில்லை. நானும் சொன்னதில்லை. அதோடு விட்டுவிட்டேன். ஆனால் கப்பலில் ஹைட்றூன் வாய்தவறி, தன்னுடைய வண்டியின் காப்புறுதியில் தாரணியின் பெயரைச் சேர்க்க ஒரேயொரு ரெலிபோன்தான் எடுத்ததாகச் சொன்னார். அன்று இரவுச் சாப்பாடு எனக்கு இறங்கவில்லை. கடல் கொந்தளிப்பு என்று சொல்லிச் சமாளித்தேன்.

மொரோக்கோ எல்லையில் என் பாஸ்போட்டை ஒரு அதிகாரி முன்னும் பின்னும் திருப்பினார். ஜேர்மன் பாஸ்போட், பிறந்த இடம் பருத்தித்துறை. அரைகுறை ஜேர்மனில் கேட்டார்.

"வண்டி உங்களுடையதோ?"

"இல்லை."

"ஓட்டுகிறது நீங்களோ?"

"இல்லை."

"அப்ப நீங்கள் யார்?"

தாரணியைக் காட்டி, "பப்பா," என்றேன். அவர் சிரித்துக்கொண்டே முத்திரையைக் குத்தினார். அந்தப் பயணத்தில் எனக்குக் கிடைத்த ஒரே பதவி அதுதான்.

4

தார் வீதி முடிகிற இடத்தில் ஹைட்றூன் இறங்கி, ரயர்களிலிருந்து காற்றைத் திறந்துவிட்டார். இரண்டு தசம் ஆறில் இருந்த காற்றை ஒன்று தசம் ஒன்றுக்குக் கொண்டுவந்தார். தாரணியும் குந்தியிருந்து, சீறுகிற சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்டபடி ஒவ்வொரு சில்லாக இறக்கினாள். நான்கு ரயரும் அடியில் பிதுங்கி, சூப்பின மாங்கொட்டை மாதிரி நின்றன.

எனக்கு விசயம் தெரியாது என்று நினைக்காதீர்கள். ரயர் மெலிந்தால் ஒட்டகத்தின் பாதம் மாதிரி அகலும், மணலை வெட்டாமல் மிதித்துக்கொண்டு போகும். தலைக்கு அது தெரியும். கைக்குத்தான் தெரியாது. இருபத்தாறு வருடம் காற்றடித்த கை. கையைக் காற்சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு நின்றேன்.

(ஹைட்றூன் பேசியது ஜேர்மன். தாரணி அவரோடு பேசியதும் ஜேர்மன். நான் எங்கள் தமிழில் எழுதுகிறேன். அவர் வாயில் யாழ்ப்பாணத் தமிழ் வருகிறதே என்று சிரிக்க வேண்டாம், எனக்கு எழுதத் தெரிந்தது இதுதான்.)

முதல்நாள் பின்னேரம் கூடாரம் அடித்தபோது ஹைட்றூன் சொன்னார்: "தாரணி, வாற ஐப்பசியில மூண்டு வண்டியோட வாறம். என்ர கண் இப்ப உச்சி வெயிலுக்க மேட்டையும் பள்ளத்தையும் பிரிச்சுக் காட்டுதில்லை. இந்தத் தடத்தை நீ பிழைவிடாமல் ஓடி முடிச்சால், ஐப்பசியில முன்னுக்குப் போற வண்டி உன்ர."

பாலைவனத்தில் முன்வண்டிதான் எல்லாம். எங்கே மணல் இறுகியது, எங்கே பொறி, மேட்டுக்கு அந்தப் பக்கம் சரிவா குழியா என்று அது பார்த்துச் சொல்வதை நம்பித்தான் பின்னால் வருகிறவர்களின் உயிர் வரும். தாரணியின் முகத்தை அப்போது பார்க்க வேண்டும். பல்கலைக்கழகப் பட்டம் வாங்கிய நாளில்கூட அந்த முகம் இல்லை.

"அப்பா, விளங்கினதோ? முன்வண்டி!"

"விளங்கினது பிள்ளை. நல்ல விசயம்."

ஒரு மனுசி தன் ஆசனத்தை விட்டிறங்கி, அதில் என் பிள்ளையை ஏற்றுகிறார். சந்தோஷப்பட வேண்டியவன்தான் நான். என்னிடம் அப்படி விட்டிறங்கிக் கொடுக்க என்ன இருக்கிறது என்று யோசித்துப் பார்த்தேன். ஒரு பெட்டி சாவிகள் இருக்கின்றன. சில்லுக் கழற்றுகிற சாவிகள்.

மூன்று நாள் ஓடினோம். ஹைட்றூன் முன்னால், நாங்கள் பின்னால். எங்களுக்கு நடுவில் ஒரு வோக்கிடோக்கி. "தாரணி, இரண்டாம் கியர்." "தாரணி, வலப்பக்கம் கல்லு." "தாரணி, விடாத, விடாத, இழு." ஜேர்மன் நெடுஞ்சாலையில், ஓட்டோபானில், நான் "மெல்லப் போ பிள்ளை" என்றால், "அப்பா, நான்தானே ஓடுறன்" என்று பதில் வரும். வோக்கிடோக்கிக்கு மட்டும், "ஓம், விளங்குது, நன்றி!" நன்றி வேறு.

இரண்டாம் நாள் எங்கள் ஊருக்குக் கிட்ட இருக்கிற மணற்காட்டுக் கதையைத் தொடங்கினேன். சண்டைக்குள் பெற்றோல் தடைசெய்திருந்த காலம், மண்ணெண்ணெயில் கார் ஓடியது. இரண்டு சொட்டுப் பெற்றோலைக் காட்டி எஞ்சினைக் கிளப்பிவிட்டு மண்ணெண்ணெய்க்கு மாற்றுவோம், பின்னால் ஒரு ஊர்ப் புகை வரும். அப்படி ஒரு பழைய ஏ-போட்டி காரில் நான் கலியாணப் பொம்பிளையை ஏற்றிக்கொண்டு போனபோது மணற்காட்டு மணலில் புதைந்துபோனோம். பனையோலையை வெட்டிச் சில்லுக்குக் கீழே போட்டு...

"உண்மையாவோ அப்பா? நீங்கள் மணலில ஓடினனீங்களோ?" முதல் தடவையாக வீதியிலிருந்து கண்ணை எடுத்து என்னைப் பார்த்தாள்.

"பின்னை? பொம்பிளை கூறைச்சீலையோட இறங்கி..."

"தாரணி, நிப்பாட்டு. இடப்பக்கம் பார்," என்றது வோக்கிடோக்கி.

ஒரு நரி. முகத்தைவிடக் காது பெரிய நரி. பத்து நிமிடம் அதைப் பார்த்தார்கள். அது எங்களைப் பார்த்தது. கூறைச்சீலையோடு இறங்கின பொம்பிளை இன்றைக்கும் மணற்காட்டு மணலிலேயே நிற்கிறாள்.

5

நான்காம் நாள்தான் கடைசி நாள். முந்தின பின்னேரம் ஹைட்றூன் வரைபடத்தை விரித்து, "கொஞ்சம் கல்லு வெளி, பிறகு ஒரு மணல் பட்டி, மத்தியானம் தார் வீதி," என்றார். என் காதில் ஏறியது தார் வீதி மட்டும்தான்.

விடிய எழும்பினால் இரண்டு பேரையும் காணவில்லை. கூடாரத்துக்குப் பின்னால் உயரமான மணல்மேடு ஒன்று. அதன்மேல் இரண்டு வரிசை கால்தடம், பக்கத்தில் பக்கத்தில், ஏறிப் போகிறது. சூரியன் வருவதைப் பார்க்கப் போயிருந்தார்கள். இரண்டு கோப்பைகள் கழுவிக் கவிழ்த்திருந்தன. மூன்றாவது கோப்பையில் எனக்குக் கோப்பி, மேலே ஒரு தட்டு மூடி. ஆறிப்போயிருந்தது.

என் முழங்காலை நினைத்துத்தான் எழுப்பவில்லை என்று பிறகு சொன்னாள். அந்த நேரத்தில் எனக்கு அது தோன்றவில்லை. கால்தடங்களைப் பார்த்தபடி அந்த ஆறின கோப்பியைக் குடித்தேன். உள்ளுக்குள் எரிந்தது எரிந்துகொண்டே இருந்தது.

இனி ஒன்று சொல்ல வேண்டும். தாரணி டார்ம்ஸ்டாட்டுக்கு வருகிற ஒவ்வொரு முறையும், அவள் தாயோடு குசினியில் இருக்கிற நேரம் பார்த்து நான் கீழே இறங்கிப் போய், அவளுடைய காருக்குக் காற்றுப் பார்த்து அடித்துவிட்டு வருவேன். கண்ணாடி கழுவுகிற தண்ணீரும் விட்டுவிடுவேன். ஒருநாளும் சொன்னதில்லை. எங்கள் ஆட்கள் பிள்ளையில் வைத்திருக்கிற பிரியத்தை வாயால் சொல்வதில்லையே. திரும்பிப் போகிற பைக்குள் மிளகாய்த்தூளை வைப்போம், சில்லுக்குக் காற்றை வைப்போம்.

தார் வீதிக்கு வந்ததும் மத்தியான வெயிலில் அவள் குந்தியிருந்து நான்கு சில்லுக்கும் காற்றடிக்க வேண்டி வரும். நான் இப்போதே அடித்துவிட்டால்? அங்கே போய் அளந்து பார்த்து, "அப்பா!" என்று திகைப்பாள். அந்த ஒரு "அப்பா"வுக்காகக் காற்றடிக்கிற கொம்பிறசரை எடுத்துப் பூட்டினேன். அவர்கள் இறங்கி வருவதற்குள் நான்கு ரயரும் இரண்டு தசம் ஆறு. கை நான்கு நாளுக்குப் பிறகு ஆறுதலாக இருந்தது. ஹைட்றூனின் வண்டியை நான் தொடவில்லை. அவருக்கு நான் ஏன் அடிக்க வேண்டும்?

6

கல்லு வெளியில் வண்டி துள்ளியது.

"ஏன் இண்டைக்கு இப்பிடி உதறுது?" என்றாள் தாரணி.

சொல்லியிருக்கலாம். வாயைத் திறந்தும்விட்டேன். அதற்குள் வோக்கிடோக்கி, "தாரணி, முன்னால மணல். வேகத்தை விட்டிடாத," என்றது. அவள், "ஓம், விளங்குது," என்றாள். நான் வாயை மூடிக்கொண்டேன்.

ஹைட்றூனின் கிழட்டு வண்டி மேட்டில் எலி மாதிரி ஏறி அந்தப் பக்கம் மறைந்தது. எங்கள் வண்டி பாதி மேடு வரை ஏறியது. பிறகு நான்கு சில்லும் கத்தி மாதிரி மணலுக்குள் இறங்கின. எஞ்சின் கத்தியது, மணல் பின்னால் விசிறியது. பின்பகுதி பள்ளத்துப் பக்கம் வழுகிச் சரிந்து, என் பக்கக் கண்ணாடியில் வானத்துக்குப் பதிலாக மணல் தெரிந்தது. தாரணி எஞ்சினை நிறுத்தினாள்.

"அப்பா, அசையாதேங்கோ. நான் முதல் இறங்குறன், பிறகு நீங்கள் என்ர பக்கத்தால வாங்கோ."

அவளுடைய குரல் நடுங்கவில்லை. நான்தான் கதவுப் பிடியை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தேன்.

ஹைட்றூன் மேட்டுக்கு மேலே நடந்து வந்தார். சரிவைப் பார்த்தார், சில்லைப் பார்த்தார், குந்தியிருந்து காற்றை அளந்தார். எழும்பி நின்று இரண்டாம் முறையும் அளந்தார்.

"இரண்டு தசம் ஆறு. ஆர் அடிச்சது?"

தாரணி, "நான் அடிக்..." என்று தொடங்கி, நிறுத்தி, என்னைப் பார்த்தாள். ஒரு கண் இமைக்கிற நேரம்தான். அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. என் முகத்தில் எழுதி ஒட்டியிருந்திருக்கும்.

"நான்தான்," என்றாள் ஹைட்றூனிடம். "தார் வீதி வரப்போகுதெண்டு அவசரப்பட்டுக் காலமை அடிச்சிட்டன்."

"மணல் பட்டி இருக்கெண்டு நேற்றுச் சொன்னனான்தானே."

"மறந்திட்டன். மன்னியுங்கோ."

ஹைட்றூன் கத்தவில்லை. கத்தியிருந்தால் பரவாயில்லை. "வண்டி உருண்டிருந்தால் ரெண்டு பேர். மூண்டு வண்டிக்கு முன்னால போற ஆள் மறக்கக்கூடாது. ஐப்பசிக் கதையை விடுவம்," என்று மெதுவாகச் சொல்லிவிட்டு, மணல் அள்ளுகிற சவளை எடுக்கப் போனார்.

அந்தக் கணத்தில் எனக்கு வந்த முதல் எண்ணத்தை மறைக்காமல் எழுதுகிறேன். சந்தோஷம். மூன்று வருடத்தில் அவர்கள் இருவருக்கும் நடுவில் விழுந்த முதல் கீறல். வைக்கோல் பட்டடை நாய், தானும் தின்னாது மாட்டையும் தின்னவிடாது என்பார்கள். அந்த நாய் எனக்குள் வாலை ஆட்டியது.

ஆளுக்கொரு சில்லாகக் கிண்டினோம். தாரணி என் பக்கம் திரும்பவே இல்லை. சவளைக் குத்திக் குத்தி மணலை எறிந்தாள். மூக்கு நுனியில் வியர்வை. தோற்றுப்போனால் அவள் அழமாட்டாள், மூக்குத்தான் வியர்க்கும். பத்து வயதில் சதுரங்கப் போட்டியில் தோற்ற நாளிலிருந்து எனக்கு அந்த மூக்கைத் தெரியும். ஒரு சில்லுக் கிண்டி முடிகிறவரைதான் அந்த நாயால் தாக்குப்பிடிக்க முடிந்தது.

சவளை நட்டுவிட்டு ஹைட்றூனிடம் போனேன்.

"ஹைட்றூன், காத்தடிச்சது நான். அவளுக்குத் தெரியாது. நீங்கள் மேட்டில நிக்கேக்க அடிச்சனான்."

"ஏன் சிவா?"

"அவளுக்கு உதவியா இருக்குமெண்டு." மிச்சத்தையும் சொன்னேன். "நீங்கள் ரெண்டு பேரும் என்னை விட்டிட்டுப் போனீங்கள். அதாலயும்தான்."

ஹைட்றூன் பதில் சொல்வதற்குள் பின்னால் சவள் விழுகிற சத்தம் கேட்டது.

7

பிறகு வந்தது தமிழ். தாரணியிடம் அவ்வளவு தமிழ் இருக்கிறது என்று எனக்கே தெரியாது.

"அப்பா! உங்களுக்கு விசரோ? நான் சொல்லிட்டன்தானே நான்தானெண்டு! அவவுக்கு முன்னால நீங்கள் சின்னனாப் போகக்கூடாதெண்டு நான் பொய் சொன்னால், அதையும் நீங்கள் போய்க் கெடுக்கிறீங்கள்! ஆர் கேட்டது உங்களை? ஒரு சொல்லு கேக்க மாட்டீங்களோ, 'பிள்ளை, காத்தடிக்கட்டோ' எண்டு? டார்ம்ஸ்டாட்டிலயும் இதுதான்! எனக்குத் தெரியாதெண்டு நினைச்சீங்களோ, ஒவ்வொருக்காவும் கள்ளன் மாதிரி இறங்கிப் போறது? கூட அடிக்கிறீங்கள்! ஒவ்வொருக்காவும் கூட! நான் வீட்ட போய்த் திறந்துவிடுறனான், அம்மாவுக்குச் சொல்லுறேல்லை, உங்களுக்கும் சொல்லுறேல்லை, பாவமெண்டு! வண்டி பிரண்டிருந்தா? உனக்கு ஏதும் நடந்திருந்தா நான் அம்மாவுக்கு என்னெண்டு சொல்லுறது? சொல்லு! குவாட்ச், எல்லாம் விசர்க்கதை! எங்க உன்ர தொப்பி? இந்த வெயிலுக்க மொட்டந்தலையோட நிண்டு கிண்டுறார், பெரிய இவர்!"

"நீங்கள்" எந்த இடத்தில் "நீ" ஆனது என்று அவள் கவனிக்கவில்லை. நான் கவனித்தேன். திருத்தவில்லை. வண்டிக்குள் ஏறி என் தொப்பியை எடுத்து வந்து, தலையில் வைத்தாள் என்று சொல்ல முடியாது, அறைந்தாள். பிறகு மேட்டுக்கு அந்தப் பக்கம் விறுவிறு என்று நடந்து போய்விட்டாள்.

நானும் ஹைட்றூனும் மணலில் நின்றோம்.

"என்ன சொன்னவள்?"

"தொப்பி போடட்டாம்."

"இவ்வளவு நேரமும் தொப்பியைப் பற்றியோ?"

"எங்கட பாசை கொஞ்சம் நீளம்."

ஹைட்றூன் சிரிக்கவில்லை. சவளின் பிடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு மேட்டைப் பார்த்தபடி நின்றார்.

"மூண்டு வருசம், சிவா. ஒருநாள் எண்டாலும் அவள் என்னோட இப்பிடிக் கத்தினதில்லை. நான் பிழையாச் சொன்னாலும் 'ஓம், நன்றி'. இப்ப, செய்யாத பிழைக்கு ஏசினன். அதுக்கும் 'மன்னியுங்கோ'." சவளால் மணலைக் கிளறிவிட்டு, "யோனாஸ் கூட என்னோட கத்துறதில்லை. கத்த ஆக்கள் இருக்கிறதும் ஒரு குடுப்பினைதான்," என்றார்.

எத்தனையோ பேருடைய பழமொழிகளைக் கேட்டு வைத்திருக்கிறவன் நான், ஆறுதலாக ஒரு சொல் எடுத்துக் கொடுத்திருக்கலாம். எனக்குக் கொடுக்க மனம் வரவில்லை. தொப்பியை இன்னும் கொஞ்சம் கீழே இழுத்துவிட்டுக்கொண்டேன். காது இரண்டும் எரிந்தன. அவ்வளவு சந்தோஷம்.

தாரணி திரும்பி வந்து, யாரோடும் பேசாமல் நான்கு ரயரிலும் காற்றைத் திறந்துவிட்டாள். இந்த முறை ஒன்றுக்கும் கீழே. தகட்டுப் பலகைகளைச் சில்லுக்குக் கீழே செருகினாள். மேலே போகப் பார்க்காமல், வந்த தடத்திலேயே பின்னுக்கு இறக்கி, கீழே வளைத்துத் திருப்பி, தூரமாகப் போய் வேகம் எடுத்து வந்தாள். பிக்-அப் மேட்டில் ஏறிய விதத்தைப் பார்த்தால், ஏறியது என்று சொல்ல மாட்டீர்கள், மணல்தான் அதைத் தூக்கி மேலே வைத்தது என்பீர்கள். ஹைட்றூன் தன்னை மறந்து கையைத் தட்டினார். நானும் தட்டினேன். யார் கூடச் சத்தமாகத் தட்டுவது என்று கொஞ்ச நேரம் போட்டி நடந்தது.

மேட்டின் உச்சியில் ஹைட்றூன் அவளிடம் போனார். "ஐப்பசி வரைக்கும் ஏன்? இப்பவே முன்னுக்குப் போ."

தாரணி சரியென்று தலையை ஆட்டினாள். மூக்கு காய்ந்திருந்தது. நான் போய் வழக்கம்போல அவளுடைய வண்டிக் கதவில் கையை வைத்தேன்.

"நீங்கள் இதில ஏற வேண்டாம்."

"ஏன் பிள்ளை?"

"ஏறவேண்டாமெண்டால் ஏறவேண்டாம். எனக்கு இன்னும் கோவம். ஹைட்றூனோட வாங்கோ."

ஆக, பருத்தித்துறையில் பிறந்த நானும் டார்ம்ஸ்டாட்டுக்குப் பக்கத்தில் பிறந்த சம்பந்தியம்மாவும் ஒரே வண்டியில் பின்னால் போனோம். முன்னால் தாரணியின் புழுதி. அவர் அதைப் பார்த்துக்கொண்டு ஓட்டினார், நான் அதைப் பார்த்துக்கொண்டு இருந்தேன்.

வோக்கிடோக்கி கரகரத்தது.

"ஹைட்றூன், முன்னால பள்ளம். இடப்பக்கம் பிடியுங்கோ. நன்றி."

"விளங்குது," என்றார் ஹைட்றூன்.

பள்ளத்தைத் தாண்டினோம். பிறகு திரும்பவும் கரகரத்தது. இந்த முறை தமிழில், சீறிக்கொண்டு: "அப்பா, தண்ணி குடிச்சனீங்களோ இல்லையோ? பின்சீற்றில போத்தில் கிடக்கு. எடுத்துக் குடியுங்கோ!"

ஹைட்றூன் வோக்கிடோக்கியைப் பார்த்தார்.

"அது உங்களுக்கோ?"

"ஓம்," என்றேன்.

அவர் கியரை, போட வேண்டியதைவிடக் கொஞ்சம் கூடப் பலமாகத் தள்ளிப் போட்டார். வேறு யாருக்காவது அது கியர் மாறுகிற சத்தம். எனக்கு அது என்னவென்று நன்றாகத் தெரியும். போத்தலை எடுத்து, ஆறுதலாக, முழுவதையும் குடித்தேன்.